நாலு பேரின்ர குளிசை

கண்டி
14.09.1989

இஞ்சாருங்கோ,

பிள்ளையார் புண்ணியத்தில நான் சுகம். உங்கட நெஞ்சுச்சளி மாறிட்டுதோ?

நான் கூட்டித் துடைக்கிற ஆஸ்பத்திரியில, பிறசர் எண்ட ரத்த அழுத்த வருத்தக்காரர் வட்டமா இருந்து கதைச்சு ஒராளிட்ட ஒராள் படிக்கிறதை ஒரு சிங்கள மிஸ் ஆராய்ச்சி செய்யிறா. தமிழ் ஆக்களின்ர பேச்சை நான்தான் அவவுக்குச் சிங்களத்தில சொல்லுறது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சியம்மாவுக்குப் பிறசர் இறங்கேல்லை, வட்டத்தில வாயும் திறக்கேல்லை. "குளிசை போடுறேல்லை" எண்டு மிஸ் தன்ர ஆராய்ச்சிப் படிவத்தில, அந்தப் போமில, எழுதிப்போட்டா. அப்பிடி எழுதினால் கிளினிக்கில பேரை வெட்டிப்போடுவினம், பிறகு குளிசையும் கிடையாது.

பேச்சியம்மாவைத் தனியக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டன்.

"எங்க லயத்து வீடுகள்ல பிரசர் உள்ள நாலு பேர்ல எனக்கு மட்டுந்தாங்க அடையாள அட்டை இருக்கு. மத்த மூணு பேரும் வழியில சோதன பண்ற ஆமிக்காரனத் தாண்டி வர ஏலாது. என் மாத்திரையத்தான் நாலு பேரும் பங்கு போட்டுக்கிறோம்" எண்டாள்.

ஓடிப்போய் மிஸ்ஸிட்டச் சொன்னன். "அதை எழுத இந்தப் போமில இடமில்லையே அன்ரி" எண்டா. எனக்கு வந்த விசர்க் கோவம்! மொழிபெயர்த்தவர் எண்ட இடத்தில நான் கையெழுத்து வைக்கேல்லை. வேலை போனால் போகட்டும்.

கோயில் திருநீறு கொஞ்சம் அனுப்புங்கோ. உங்கட கையால நாலு வரியும் எழுதுங்கோ, மூண்டு மாசமாச்சு. மிஸ் திரும்பவும் அந்தப் போமோட வாறா. மாட்டன் எண்டுதான் சொல்லப்போறன்.

உங்கட,
தவமலர்