மலைப்பாதையில் ஓர் அறந்தாங்கி பஸ்

அண்ணே,

இன்று புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஃபோன் விளையாட்டில் பஸ் ஓட்டிக்கொண்டு வந்தாள். ஓடும் பஸ்ஸுக்குள் இன்னொரு பஸ். அந்தச் சின்ன ஹாரன் சத்தம் கேட்டதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

சர்க்கரை வியாதியில் உங்கள் வலது காலை எடுத்த பிறகு நீங்கள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தீர்கள். அத்தனை வருஷம் உங்கள் வண்டியில் கண்டக்டராக இருந்த நான் வந்தாலும் திரும்ப மாட்டீர்கள். சோறு வைத்தால் வைத்தபடி இருக்கும். "வண்டி இல்லாதவன என்னத்துக்குய்யா டிரைவருங்கிற?" என்று ஒரு நாள் கேட்டீர்கள். இந்த மனுஷன் இனித் தேற மாட்டார் என்றுதான் அன்று வீட்டுக்குப் போனேன்.

உங்கள் மகள்தான் அந்த விளையாட்டை ஃபோனில் ஏற்றி, நம் வண்டியின் பச்சை நிறத்தையும் அதிலுள்ள பஸ்ஸுக்குப் பூசிக் கொடுத்தாள். அடுத்த முறை நான் வந்தபோது நீங்கள் எழுந்து உட்கார்ந்திருந்தீர்கள். திரையில் ஏதோ வெளிநாட்டு மலைப்பாதை, பனிமூட்டம். ஸ்டாப்பில் ஆள் ஏறி முடித்தும் வண்டி நகரவில்லை.

"கெளப்புங்கண்ணே."

"விசில் குடுக்காம எப்புடிய்யா எடுக்குறது?"

நாக்கை மடித்து ஒரு விசில் விட்டேன். "வீட்டுக்குள்ள யாரு விசிலடிக்கிறது?" என்று அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். நீங்கள் சிரித்தீர்கள். கால் போன பிறகு அன்றுதான் உங்கள் பல்லைப் பார்த்தேன்.

அப்புறம் என்ன, டியூட்டி முடிந்து வந்தால் எனக்கு இன்னொரு டியூட்டி. நீங்கள் சவரம் செய்து, காக்கிச் சட்டை மாட்டிக் காத்திருப்பீர்கள். பனிமலைக்கு நடுவே, நம் ரூட்டில் வரும் ஊர்ப் பெயரைச் சொல்லி, "அழியாநிலை எல்லாம் எறங்கு!" என்று நான் கத்துவேன். செம்பட்டை முடியோடு ஒரு வெள்ளைக்காரி இறங்கிப் போவாள். கொஞ்ச நாளில் எனக்கே அந்த ஊர்க் குளிர் உடம்பில் தெரிய ஆரம்பித்துவிட்டது. டிரைவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று தெருவில் பேசினார்கள். "கலங்குனா கலங்கிட்டுப் போகுது, சாப்புடுறாருல்ல" என்றார் அண்ணி.

ஒரு சாயங்காலம், ஒரு வளைவில், கடல் தெரிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டினீர்கள். அது ஸ்டாப்பே இல்லை.

"டைம் ஆச்சுண்ணே."

"இங்க யாருய்யா டைம் கேக்கப் போறா? அங்கிட்டுப் பாரு."

பார்த்தேன். தண்ணீரில் வெயில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பயணிகள் பொம்மை போல உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் சத்தம் போடவில்லை. டீ ஆறிப்போனது தெரியாமல் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"நெசமா ஓட்டுனப்ப இப்புடி ஒரு எடத்தையாச்சும் பாத்தமாய்யா?"

"நீங்க ரோட்டப் பாத்தீங்க, நான் சில்லறையப் பாத்தேன்."

வழக்கமாக இதற்கெல்லாம் சிரிப்பீர்கள், அன்று சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இப்ப சந்தோசமா இருக்கேன்யா" என்றீர்கள். அந்த வருஷ மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம்தான் உட்காருகிறேன். அழியாநிலைக்கு முன்னால் ரோட்டை ஒட்டி ஒரு கண்மாய் இருக்கிறது, அண்ணே. கரை நெடுகப் பனைமரம், தண்ணீர் முழுக்க அல்லி. இதைத் தாண்டித்தான் ஆயுசுக்கும் போய் வந்திருக்கிறோம். இன்றுதான் என் கண்ணில் பட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி எழுந்தேன்.

"அறந்தாங்கிக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"பரவால்ல தம்பி, இங்கிட்டே எறங்கிக்கிறேன்."

கரையில் உட்கார்ந்தேன். நீங்கள் இல்லையே என்று அழுகை வந்தது, அழுதேன். அப்புறம் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. டிரைவர் என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். போகட்டும் என்று கையசைத்துவிட்டேன்.