பின்கதவுத் திறப்பு

மாசி 10, திங்கள்
−18. பஸ் பிந்தியது. கோர்ட்டுக்கு ஓட்டமும் நடையும். ஜூரியில் பன்னிரண்டு பேர், நான் 4ஆம் இலக்கம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் லீவு தந்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

வழக்கு: ஹெயிட்டிக்காரர், ஐம்பது தாண்டியவர். எங்கள் பார்க் எக்ஸ் பகுதியில் பதினாறு வருடம் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தவர். திருத்த வேலை என்று வீட்டை விட்டு எழுப்பிவிட்டார்கள். இப்போது அது விலைக்கு விற்ற கொண்டோ வீடு. ஒரு பின்னேரம் பின்கதவால் உள்ளே வந்திருக்கிறார். புது வீட்டுக்காரி பயந்து தள்ள, இழுபறியில் அவள் படியால் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. திருட வந்தார் என்கிறது அரசுத் தரப்பு.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், "என்ன கேஸ்?"
"கதைக்கக் கூடாதாம்."
"எனக்குமோ?"
"உங்களுக்கும்தான்."
முகம் தொங்கிவிட்டது மனுசனுக்கு. அதனால்தான் இந்தக் கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

மாசி 12, புதன்
ஹெயிட்டிக்காரரே சாட்சி சொன்னார். இமிக்ரேஷன் கடிதம் தேடி வந்தாராம். திறப்பு, அதுதான் சாவி, எப்போதும் பின்கதவு நிலைக்கு மேலே. வீடு மாறிப் போனவர்களின் கடிதங்கள் உள்ளே தட்டில். வந்து திறந்து எடுத்துக்கொண்டு போவார்களாம்.

உண்மை. எங்கள் கட்டடத்திலும் அப்படித்தான். மேல்மாடி ஜெயந்தி வாடகை ஏற லாவால் பக்கம் வீடு மாறிப் போனவள், இன்னும் வந்து எடுக்கிறாள்.

அரசு வக்கீல் சிரித்தார். ஜூரியிலும் இரண்டு மூன்று பேர்.

வாங்க: பால், கறிவேப்பிலை, பனி உறைந்த படிக்குப் போட உப்பு.

மாசி 13, வியாழன்
தீர்ப்புக்காக அறைக்குள் அடைத்தார்கள். பன்னிரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும்.

9ஆம் இலக்கம் கம்ப்யூட்டர் வேலை, தங்கமான பிள்ளை, நேற்று எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தவர். அவர் சொன்னார்: "நான் பார்க் எக்ஸில்தான் இரண்டு வருடமாக இருக்கிறேன். அங்கே யாரும் திறப்பை அப்படி வைப்பதில்லை." எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த இடத்து ஆளே சொன்னால் பிறகென்ன.

நான் அங்கே இருபத்திரண்டு வருடம்.

"சில பேர் வைக்கிறவை" என்று என் ஆங்கிலத்தில் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த பெண் என் கையைத் தட்டி, "அதெல்லாம் அந்தக் காலம்" என்றார், அன்பாகத்தான். மேலே சொல்ல வரவில்லை. இல்லை, வந்தது. சொல்லவில்லை. என் உச்சரிப்புக்கு வெட்கம், வீட்டுக்குப் போகும் அவசரம்.

சுற்றிக் கேட்டு வந்தார்கள். என் முறை. குற்றவாளி என்றேன்.

மாசி 14, வெள்ளி
வேலை. பருப்பு அடிப்பிடித்தது.

நேற்றுத் தீர்ப்பு வாசித்தபோது அந்த ஹெயிட்டிக்காரர் என்னைத்தான் பார்த்தார். பன்னிரண்டு பேரில் என்னை மட்டும். தெரிந்திருக்கும், இவளுக்குத் தெரியும் என்று.

நான் ஒருத்தி மாட்டேன் என்றிருந்தால் அந்தத் தீர்ப்பு இல்லை. பாவி.

மாசி 15, சனி
பனி கொட்டுகிறது. இவர் கடையில் ஏதோ கதை கேள்விப்பட்டு வந்து, "இனி அந்தத் திறப்பை எடுத்து வீட்டுக்குள்ளை வையும். காலம் சரியில்லை" என்றார். பிறகு பாப்பம் என்றேன்.

மூன்று மணிக்குப் பின்கதவு திறந்தது. "அக்கா, நான்தான். கடிதம் ஏதும் வந்ததோ?" ஜெயந்தி. தேத்தண்ணி போட்டேன். "கோர்ட்டுக்குப் போனீங்களாமே, என்ன நடந்தது?" என்றாள்.

கதைக்கக் கூடாது என்றேன். கதைக்கச் சொல்லி இருத்திய இடத்திலும் நான் கதைக்கவில்லை.

மூன்று கடிதம் அவளுக்கு. எடுத்துக்கொண்டு போனாள். வெளியே, நிலைக்கு மேலே அவள் திறப்பை வைக்கிற சத்தம் கேட்டது.