பத்துப் பேரும் ஆறு மணியும்

நவம்பர் 17, திங்கள்

விடியமுன் மழை. இப்போதும் மழை. அலுவலகச் சூடாக்கியில் பாதிச் சூடுதான். காலுறை இரண்டு சோடி.

டிசம்பர் நிகழ்ச்சித்தாளை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். இதுவரை:

– 14, ஞாயிறு மாலை: ஹனுக்காப் பண்டிகையின் முதல் விளக்கு, முற்றத்தில். எண்ணெயில் பொரிக்கும் பணிஸ் யார் பொறுப்பு என்று இன்னும் சண்டை.
– செவ்வாய்தோறும் மூத்தோர் பாடற்குழு. பியானோ வாசிப்பவருக்குக் கை முறிவு. மாற்று ஆள்?
– சதுரங்கப் போட்டி. லெவ் நடத்துவார்.
– உக்ரைனிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஜெர்மன் வகுப்பு.
– வெள்ளி இரவுணவு. "பதிவு கட்டாயம்" தடித்த எழுத்தில். ஒருவரும் பதிவதில்லை, எல்லாரும் வருகிறார்கள்.

இந்த யூதச் சபை அலுவலகத்துக்கு வந்து எட்டு மாதம். அரைநாள் வேலை. படித்தது இலக்கியம், செய்வது தபால், தொலைபேசி, மாதாந்தத் தாள். யாழ்ப்பாணத்துப் பெட்டைக்கு இங்கே என்ன வேலை என்று முதல் வாரம் எல்லாரும் கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை. "தேத்தண்ணி போடட்டோ?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு நன்றி.

அலுவலகப் பொறுப்பாளர் லுட்மிலா, ஒடெசாவிலிருந்து வந்து முப்பது வருடம். இனி லு. என்றே எழுதுகிறேன். அவரும் மற்றவர்களும் பேசுவது ரஷ்ய வாடை அடிக்கும் ஜெர்மன். இந்தக் கொப்பியில் மட்டும் எங்கள் வீட்டுத் தமிழாக விழுகிறது. வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

மதியம் செம்யோன் வந்தார். வயது எண்பத்துநான்கு, ஓய்வுபெற்ற பாலப் பொறியியலாளர். நவம்பர் தாளை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். விரித்துக் காட்டினார்: வியாழன், மாலை 6, ரைசாவின் நினைவுத் தொழுகை.

"மாறாதுதானே?"

"மாறாது."

ரைசா அவருடைய மனைவி. பல் வைத்தியர். சபையில் பாதிப்பேரின் வாய் அவர் கைபட்டது. போன வருடம் நவம்பர் கடைசியில் இறந்தார். இவர்களும் நினைவு நாளைத் தங்கள் நாட்காட்டியில்தான் பார்ப்பார்கள், இந்த முறை பத்து நாள் முந்தி வருகிறது. கணித்தது நான். "எங்களுக்கும் திதி இருக்கு, எனக்கு இது விளங்கும்" என்று லு.விடம் பெருமை பேசியது ஞாபகம்.

அன்று செம்யோன் 'கதிஷ்' என்ற செபத்தைச் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல முடியாது. பத்து ஆண்கள் கூடி நிற்க வேண்டும். இந்தச் சபையில் பெண்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"அறுபது வயசு வரைக்கும் நான் ஒரு செபமும் சொன்னதில்லை," என்றார். "ரைசா என்னட்டை எதையும் கேட்டதில்லை. கடைசியா இதைத்தான் கேட்டவ. 'என்ர நாளிலை பத்துப் பேரோடை நிண்டு சொல்லுங்கோ, தனிய முணுமுணுக்காதேங்கோ' எண்டு."

ரஷ்ய எழுத்தில் எழுதிய செபத்தாள். ஒரு மாதமாகப் பழகுகிறார். ஒரு வரியில் எப்போதும் இடறுகிறதாம்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை விட்டது. குளிர். பியானோவுக்கு ஆள் கிடைத்தது, மருந்துக்கடையில் வேலை செய்யும் லு.வின் மருமகள். கடவுளே நன்றி.

வீட்டில் அப்பா. பேக்கரித் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. மத்தியானம் வந்தால் சோறு, பிறகு நித்திரை. இன்று நித்திரை வரவில்லை போல.

"எங்கட கோயில் வெப்சைட்டிலை இன்னும் ரண்டு வருசத்துக்கு முந்தின தேர்ப்படம் கிடக்கு. அதைச் செய்யாமல் அங்கை போய்த் தாள் அடிக்கிறாய்."

"கோயிலிலை சம்பளம் தருவினமோ அப்பா?"

"புண்ணியம் தருவினம்."

அம்மா குசினியிலிருந்து: "புண்ணியத்தைக் கொண்டுபோய் வாடகை கட்டட்டும்."

நூலக நாவல் நூற்றுப்பத்தாம் பக்கம். கதாநாயகி இன்னும் கடிதத்தை உடைக்கவில்லை. எனக்குப் பொறுமை இல்லை.

நவம்பர் 19, புதன்

இரண்டு மணிக்கே வேலை முடிந்தது. வானம் சாம்பல், பனி கொட்டுமாம். அப்பா காருக்குப் பனிக்காலச் சில்லு மாற்றிவிட்டார்.

மாலை ஆறுக்குப் புட்டு அவித்தேன். கத்தரிக்காய்ப் பொரியல். நாவல் நூற்று அறுபது. கடிதத்தை உடைத்துவிட்டாள், உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. நல்ல நாள், ஒரு குறையும் இல்லாத நாள்.

நவம்பர் 20, வியாழன்

9.40. பனி.

சபையின் மதகுருவான ராபி தொலைபேசியில் வந்தார். வேறு ஊரில் இருப்பவர், மாதம் இரண்டு தரம் இங்கே வருவார்.

"நேற்றுச் செம்யோனுக்கு எப்பிடிப் போச்சு? பத்துப் பேர் சேர்ந்தவையோ?"

"நேற்று இல்லையே. இண்டைக்கு, ஆறு மணிக்கு."

ராபி மெதுவாக: "பிள்ளை, எங்கட நாள் பொழுதுபடத் தொடங்கி, அடுத்த நாள் பொழுதுபட முடிஞ்சிடும். நேற்றுப் பின்னேரம் தொடங்கிட்டுது. இண்டைக்கு எத்தினை மணிக்குச் சூரியன் படும், பாருங்கோ."

பார்த்தேன். 4.34.

ஆறு மணிக்கு ரைசாவின் நாள் முடிந்திருக்கும். திகதி சரி, நான் அதைக் காலையிலிருந்து எண்ணிவிட்டேன். எங்கள் பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்துத்தான் நாள். அதே நினைப்பு. லு. பார்த்தார், சபைத் தலைவர் பார்த்தார், செம்யோன் நூறு தரம் பார்த்தார். சோவியத் காலத்தில் வளர்ந்த அவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அச்சில் இருந்ததை நம்பினார்கள். என்னை நம்பினார்கள்.

ராபிக்கு அவர் ஊரில் ஒரு சவ அடக்கம், வர முடியாது. "பின்னேரத் தொழுகையை நாலுக்குத் தொடங்குங்கோ. தலைவர் நடத்துவார். பத்துப் பேரைப் பிடிக்கிறது உங்கட வேலை."

10.05. செம்யோனுக்குச் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

"அப்ப, நேற்று நான் அவவுக்கு மெழுகுதிரி கொளுத்தேல்லை."

நாலு மணிக்குத் தொழுகை என்றேன்.

"இப்ப கொளுத்துறன்," என்றார். "நாலுக்கு வாறன். சப்பாத்து ஏற்கெனவே துடைச்சு வைச்சுக் கிடக்கு."

12.30. உறுப்பினர் பட்டியலில் ஆண் பெயர்களாகப் பார்த்து அழைப்பு. லு. அ முதல், நான் கடைசியிலிருந்து. கேட்டவை:

"வேலை, நாலுக்கு ஏலாது. ஆறுக்கு எண்டுதானே போட்டனியள்?"
"இந்தப் பனியிலை விழுந்தா என்னை ஆர் தூக்குறது?"
"வாறன். சாப்பாடு இருக்கோ?"

லெவ் உடனே: "வாறன். ஆனா என்னை எண்ணேலாது, தெரியும்தானே." தகப்பன் யூதர், தாய் யூதர் அல்ல; இவர்கள் தாய்வழியைத்தான் பார்ப்பார்கள். சதுரங்கம், மேசை தூக்குவது, விளக்குக் கட்டுவது, எல்லாவற்றுக்கும் முதல் ஆள். இந்தக் கணக்கில் மட்டும் இல்லை. "தெரியும்," என்றேன். அதைவிட நல்ல சொல் வரவில்லை.

அவருடைய சதுரங்கக் கூட்டாளி அர்காடி, சபையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கணக்கில் வருகிறவர், தொழுகைக்கு வராதவர். "நான் கடவுளை நம்புறதில்லை எண்டு எழுபது வருசமாச் சொல்லுறன். கடவுள் கேட்டா, அர்காடி வீட்டிலை இல்லை எண்டு சொல்லுங்கோ." வைத்துவிட்டார்.

1.30. செம்யோனையும் தலைவரையும் சேர்த்து ஒன்பது பேர் சம்மதம். அதில் மூவர் கார் வந்தால்தான் வெளிக்கிடுவார்கள். பனியில் பஸ் தாறுமாறு.

அப்பாவிடம் ஏழு பேர் இருக்கக்கூடிய கார் இருக்கிறது, கோயில் பஜனைக் கோஷ்டிக்காக வாங்கியது. அழைத்தேன். நித்திரைக் குரல்.

"ஆரின்ர செத்தவீடு?"

"செத்தவீடு இல்லை அப்பா. திவசம். நான் நாளைப் பிழையாப் போட்டிட்டன்."

அந்தப் பக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது. திவசத்தின் நாள் பிழைப்பது என்றால் என்ன என்று அப்பாவுக்கு விளக்கத் தேவையில்லை.

"விலாசங்களை அனுப்பு."

3.50. அப்பா வந்தார், மூன்று கிழவர்களோடு. வாசல் காவலாளி அப்பாவின் அடையாள அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார். பெட்டியிலிருந்து ஒரு சின்னத் தொப்பி எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதை உச்சியில் வைத்து, விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் காதில்: "எங்கட கோயிலிலை சேட்டைக் கழட்டச் சொல்லுவினம். இஞ்சை தொப்பி போடச் சொல்லுறியள். மனுசனை வந்தபடி விடமாட்டியளே?"

செம்யோன் முன்வரிசையில். அவரோடு ஒன்பது பேர். பிறகு லெவ். அப்பா. பதினொரு ஆண்கள், கணக்கில் ஒன்பது பேர்.

4.02. தலைவர் கைக்கடிகாரம் பார்க்கிறார். லெவ் மேலங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். எங்கே என்று சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

நேற்று மிச்சத்தை எழுத நேரமில்லை. இன்று காலை, வேலைக்கு முன், குசினி மேசையில்.

4.17க்கு லெவ் திரும்பி வந்தார். பின்னால் அர்காடி, வீட்டுச் செருப்போடு, காலுறையெல்லாம் பனி. ஒருவரும் கேட்காமலே கத்தினார்: "நான் கடவுளுக்காக வரேல்லை! இவன் என்ர வாசல்லை நிண்டு என்ன சொன்னவன் தெரியுமோ? 'நான் போய் நிண்டா என்னை எண்ணமாட்டினம். உன்னை எண்ணுவினம். நீ இருந்து ரீவி பாக்கிறாய்' எண்டு சொல்லுறான்!"

லெவ் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"பத்து," என்றார் தலைவர்.

பெண்கள் பக்கத்தில் நானும் லு.வும் மட்டும். செம்யோன் எழுந்தார். தாள் ஆடியது, குரல் ஆடவில்லை. மூன்றாம் வரியில் இடறினார். நின்றார். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, யாரும் அசையவில்லை. திரும்ப அந்த வரியின் தொடக்கத்துக்கே போய்ச் சொன்னார், அதைத் தாண்டினார். எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லும் இடத்தில் பின்வரிசையிலிருந்து லெவின் குரல்தான் பலமாகக் கேட்டது. 'ஆமென்' சொன்னவர்களில் அப்பாவும் ஒருவர். ("எல்லாரும் சொல்லேக்கை நான் மட்டும் சும்மா நிக்கேலாதுதானே," பிறகு காரில்.)

யன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. லு. என் கையைப் பிடித்து நசுக்கினார். நான் அழுதேன். அவரும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். "தொழுகை முடிந்துவிட்டது" என்று ஒரு தாளில் எழுதி, வாசலில் ஒட்டப் போனேன். அப்போது ஐந்தே முக்கால்.

வாசலில் பெல்லா. பாடற்குழுவின் பெல்லா, கையில் துணியால் மூடிய தட்டு. அவருக்குப் பின்னால் இருவர். அதற்குப் பின்னால் தெருவில், தொப்பியில் பனியோடு, இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் பெண்கள்.

அப்போதுதான் உறைத்தது. பட்டியல் முழுவதிலும் நான் ஒரு பெண்ணைக்கூட அழைக்கவில்லை. பத்துக்குள் வராதவர்கள் என்று பெயர்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். நானும் லு.வும், இரண்டு பெண்கள், அப்படித்தான் செய்தோம்.

"முடிஞ்சுது," என்றேன். "நாலு மணிக்கே. என்ர பிழை. உங்களுக்குச் சொல்லேல்லை."

பெல்லா என் கையிலிருந்த தாளை வாசித்தார். "ஆறு மணி எண்டு என்ர பிறிட்ஜிலை ஒட்டின தாளிலை கிடக்கு. நான் ஆறு மணிக்கு வந்திருக்கிறன். தள்ளு, தட்டுப் பாரம்."

முப்பது பேருக்கு மேல். ஹெரிங் மீன் சலாது, தேன் கேக், மூன்று விதமான ஊறுகாய். செம்யோன் மேல்மாடியில் தேநீரோடு இருந்தார். சத்தம் கேட்டு இறங்கி வந்து படியிலேயே நின்றுவிட்டார். பெல்லா போய் அவர் முன்னால் நின்று வாயைத் திறந்து பற்களை விரலால் காட்டினார்: "இது ரைசா. இதுவும் ரைசா. இது ஜெர்மன் டாக்குத்தர், ஆறு மாசத்திலை கழண்டிட்டுது."

பிறகு எல்லாரும் தொடங்கிவிட்டார்கள். வந்த புதிதில், ஜெர்மன் காப்புறுதி கிடைக்குமுன், ரைசா தன் குசினிக் கதிரையில் இருத்திப் பார்த்தாராம். ஊசி போடும்போது சமையற்குறிப்புச் சொல்வாராம், பயம் தெரியாமல் இருக்க. ஒருவருக்கு அப்படித்தான் பீட்ரூட் சூப் தெரியும். செம்யோனுக்கு இதில் பாதி தெரியாது. "என்ர வீட்டிலை? நான் எங்கை அப்ப?" "நீங்கள் வேலையிலை! அவ எங்களைப் பின்கதவாலை அனுப்பினவ!" அவர் சிரித்தார். ஒரு வருடத்தில் முதல் தடவை என்று லு. சொன்னார்.

அர்காடி மூன்று தரம் சாப்பிட்டார். அப்பா இரண்டு தரம். தேன் கேக் செய்முறையை அம்மாவுக்காக ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

மதியம் 12. அலுவலகம். இன்று நேரத்தோடு பூட்ட வேண்டும், நாலேகாலுக்கு ஓய்வுநாள் விளக்கு. டிசம்பர் தாள் அச்சுக்குப் போயிற்று. லெவின் பெயரைப் போட்டிக்குக் கீழே போட்டேன், "உதவி" என்று அல்ல, "நடத்துபவர்" என்று. சின்ன விஷயம். செய்யக்கூடியது அதுதான்.

செம்யோன் வந்தார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த வருடத்துக்கான நாளை இப்போதே எழுதிவைக்க வேண்டுமாம், வயசு அப்படி.

ராபி அனுப்பிய அட்டவணையைத் திறந்தேன். இரண்டு தரம் பார்த்தேன். "முதல் நாள் பொழுதுபட்ட உடனை. பத்துப் பேர். சரியோ?"

"ஓம். அது ரைசா கேட்டது."

தட்டினேன். அவர் போகவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

"அதுக்குக் கீழை, அடுத்த நாள், ஆறு மணி எண்டும் போடுங்கோ."

"அப்ப நாள் முடிஞ்சிருக்குமே."

"முடிஞ்சிருக்கும். போடுங்கோ."