கஞ்சிப் பானையருகே நீ விட்டுப்போன கேள்வி

அக்கா,

எத்தனை தடவை கழுவினாலும் தூக்குவாளி மூடியில் பட்டையும் புதினாவும் மணக்கின்றன. போன நோன்புக்கு நீ வாங்கிய கஞ்சியின் மணம். இன்று சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு கடத்தூர் பள்ளிவாசலுக்குக் கிளம்பினேன். அம்மா பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. நம் வீட்டில் கேள்வி கேட்கிற ஆள் நீதானே.

சென்னையில் நீ இறையியல் முதுகலை சேர்ந்தபோது சித்தப்பா முகம் சுளித்தார். "பொம்பளப் புள்ள போதகராவா ஆவப் போவுது?"

"இல்லீங்க சித்தப்பா, மத்தவங்க சாமிய எப்படிக் கும்புடுறாங்கன்னு படிக்கப் போறேன்."

"நம்ம சாமிக்கே இவ ஒழுங்கா முழங்கால் போடறதில்ல" என்றேன் நான். குட்டு விழுந்தது.

விடுமுறைக்குப் பொம்மிடியில் ரயிலிறங்கி, பையை வீட்டில் போட்டதும் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். மாரியம்மன் கோயிலில் கூழ், பள்ளிவாசலில் கஞ்சி. "உனக்கு இறையியல், எனக்கு இரையியல்" என்பேன். "இத ஆய்வேட்டுல போட்டுடுவேன்டா, வாலு" என்று சிரிப்பாய்.

உன் கேள்வி ஒன்றுதான். வேறு மதத்துக்காரர் இறந்தால் அவருக்காக எப்படி வேண்டுவீர்கள்? பூசாரி யோசித்துச் சொன்னார். நம் போதகர் சொல்லி முடிப்பதற்குள் ஆராதனை மணியே அடித்துவிட்டது. கஞ்சி ஊற்றும் பாய் மட்டும் சொல்லவில்லை. நீ கேட்ட விதம் அப்படி. "பாய், நாளைக்கு நானே செத்துட்டா என்ன சொல்லி வேண்டுவீங்க?"

"நோன்பு நாள்ல என்னம்மா பேச்சு? போம்மா, கஞ்சி ஆறுது."

"அடுத்த நோன்புக்குக் கேட்டுக்கலாம்டா" என்றாய். மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது.

இன்று பாய் வாளியை வாங்கிக்கொண்டே கேட்டார். "எங்க தம்பி, கேள்வி கேக்குற பொண்ணு?"

அவருக்குச் சேதி எட்டவில்லை.

"அக்கா இல்லீங்க பாய்."

"ஊர்ல இல்லியா?"

"எங்கயும் இல்லீங்க."

அகப்பையைப் பானை விளிம்பில் சாய்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார்.

"அன்னிக்குப் பதில் சொல்லாம அனுப்பிட்டேன். உங்க வூட்டு வழக்கப்படி நீ வேண்டு தம்பி. நான் ஆமீன் சொல்றேன்."

ஒரு ஜெபமும் ஞாபகம் வரவில்லை அக்கா. ஜெப நேரத்தில் உன் பின்னலை நாற்காலியில் கட்டிக்கொண்டிருந்தவன்தானே நான்.

"ஆண்டவரே, எங்க அக்கா கேட்டுட்டே இருப்பா. சலிச்சுக்காம பதில் சொல்லுங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். "ஆமீன்" என்றார். வழக்கம்போல் இரண்டு பேருக்கு ஊற்றினார்.

பஸ்ஸில் வாளியை நம் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொள்வோம். இன்று ஒருவர் உன் இடத்தைக் காட்டி, "ஆள் வருதா தம்பி?" என்றார். "இல்லீங்க" என்று வாளியை மடிக்கு மாற்றிக்கொண்டேன். ஊர் வரும்வரை சூடு குறையவில்லை. நீ கேட்ட பதிலையும் அதோடு சிந்தாமல் கொண்டுவந்துவிட்டேன்.