பூங்கா பெஞ்சில் ‘நெடுநேரம்’ என்பது எவ்வளவு நேரம்?

அனுப்புநர்:
பூங்கா வாசலுக்கு எதிர்மாடியில் தையற்கடை நடத்துபவர்.

பெறுநர்:
பூங்காக்கள் பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பூங்கா அறிவிப்புப் பலகையில் உள்ள ‘நெடுநேரம்’ என்ற சொல்லுக்குப் பொருள் வரையறுத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பூங்காவை நன்றாகவே பராமரித்து வருகிறீர்கள். புல் வெட்டப்படுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. குறை ஒன்றே ஒன்றுதான். புதிதாக வைத்த பலகையில் ‘பெஞ்சுகளில் நெடுநேரம் அமரக் கூடாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லால் என் வாழ்க்கை அந்தரத்தில் தொங்குகிறது.

1. நான் நாற்பதைத் தாண்டியவள், தனியாள். பள்ளி வேன் ஓட்டும் ஒருவருடன் மாலையில் பூங்காவில் ஒரு பெஞ்சில் அமர்ந்து பேசுவது வழக்கம். தங்கமான மனிதர், ஆனால் ரொம்பவும் நிதானம். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் நாம் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்கு நிதானம் வேண்டியதுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

2. சில வாரங்களாக அவர் என்னிடம் ஒன்றைக் கேட்க முயன்று வருகிறார். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். என் பதிலும் தயார். “நான் என்ன நினைக்கிறேன்னா... இனிமே நாம ரெண்டு பேரும்...” என்பது வரை வந்துவிடுகிறார். அதற்குள் பூங்காக் காவலர் விசில் ஊதி, “ரொம்ப நேரமாச்சு, எந்திரிங்க!” என்கிறார். இவரும் வெட்கப்பட்டு எழுந்துவிடுகிறார். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

3. காவலர் மீது எனக்குப் புகார் இல்லை. அவர் கையில் கடிகாரம் கட்டுவதில்லை. பூங்காவை ஒரு சுற்று சுற்றி வரும்போது அதே ஆள் அதே பெஞ்சில் இருந்தால், அவர் கணக்கில் அது நெடுநேரம். முன்பெல்லாம் மரத்துக்கு மரம் நின்று, ஆடி அசைந்து வருவார். இப்போது சர்க்கரைக்காக வேகமாக நடக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். மருமகன் புது ஷூ வேறு வாங்கிக் கொடுத்துவிட்டார். மனிதர் பறக்கிறார். இடுப்பு இளைத்து, அவர் சீருடையை நானே இருமுறை பிடித்துத் தைத்தேன். அதில் எனக்கு மனமார மகிழ்ச்சிதான். ஆனால் அவர் இளைக்க இளைக்க எங்கள் நெடுநேரமும் இளைத்துக்கொண்டே போகிறது, ஐயா.

4. அகராதியைப் புரட்டினேன். ‘நீண்ட பொழுது’ என்று போட்டிருக்கிறது. எவ்வளவு நீளம் என்பதற்குப் பதில் இல்லை. துணியாக இருந்தால் அளந்தே சொல்லிவிடுவேன். என் வாடிக்கையாளர் அம்மா ஒருவர் படியேறி வந்த உடனே, “எவ்வளவு நேரமா நிக்கிறேன்!” என்பார். அவரே என் அக்காவிடம் பேச உட்கார்ந்தால், இருட்டிய பிறகும் “இப்பத்தானே வந்தேன்” என்பார். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்ததுமே நெடுநேரம் ஆகிவிடுகிறது. அந்தப் பெஞ்சில், வேன்காரர் பக்கத்தில், எனக்கு அது ஒருநாளும் ஆனதில்லை. ஆகவே இச்சொல்லை உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும், நடப்பவர் சொல்லக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.

எனவே, பலகையில் ‘பேச வந்ததைப் பேசி முடிக்கும் வரை அமரலாம்’ என்று திருத்தவோ, ஒரே ஒரு மாலை மட்டும் எங்களைக் காணாதது போல் கடந்து போகக் காவலரிடம் சொல்லவோ ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

பின்சேர்க்கை: இம்மனுவைத் தர இருவரும் தங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். தங்கள் உதவியாளர், “கொஞ்ச நேரம் உட்காருங்க, ஐயா வந்துடுவார்” என்றார். காலையில் உட்கார்ந்தோம். இப்போது எல்லோரும் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். தாங்கள் வரவில்லை. யாரும் விசிலும் ஊதவில்லை. ஐயா, அவர் வாக்கியத்தை முடித்துவிட்டார்! நான் “சரி” என்று சொன்ன சத்தத்தில் தட்டச்சு செய்பவர்கூட எழுந்து வந்து பார்த்தார்.

மனுவைத் திரும்பப் பெறவில்லை. ஊரில் இவரைப் போல் நிதானமானவர்கள் இன்னும் இருப்பார்கள், அவர்களுக்கு உதவும். தாங்கள் மட்டும் தயவுசெய்து அவசரப்பட்டு வந்துவிட வேண்டாம். கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்.

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: வெள்ளிக்கிழமை

மிக்க மகிழ்ச்சியுடன்,
(கையொப்பம்)
தையற்கடைக்காரி