வேனுக்குள் கிடந்த உன் மலைச் சாமான்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே நலம், அந்த நலத்தில் ஒரு கால் மட்டும் குறைகிறது, அது அப்பாவின் வலது கால், மாவுக்கட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதே. மாடிப்படியில் வழுக்கிவிட்டதாக அப்பா போனில் உன்னிடம் சொன்னாரே, அது சுத்தப் புளுகு. நான் பக்கத்தில் நின்று முறைத்தேன், அவர் வாயில் விரலை வைத்து என்னை அடக்கினார், உன்னைக் கலவரப்படுத்த வேண்டாமாம். எனக்கு இந்த ஒளிவுமறைவெல்லாம் ஒத்து வராது. போனிலேயே சொல்லலாம் என்றால் மலை என்ற சொல் காதில் விழுந்ததும் 'சரிம்மா, வேலை இருக்கு, வைக்கிறேன்' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. போன வாரம் உன் அக்கா குழந்தையோடு வந்திருந்தாள், குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் கிழவி மாதிரி இருக்கிறது, அதுவும் ஓயாமல் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறது. கடையில் தைக்க வேண்டிய திரைச்சீலைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. நான் தைத்துவிடுவேன், கம்பி மாட்டத்தான் ஆள் இல்லை, கூலிக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறோம், அவர் மாட்டுகிற கம்பி ஒரு முனை வானத்தையும் மறுமுனை பூமியையும் பார்க்கிறது. அப்பா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபடி அந்த மனிதரைத் திட்டித் திட்டித் தன் ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்கிறார். மற்றபடி சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, வாய் மட்டும் எப்போதும்போல மூடுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ கூட்டிப்போன அந்தக் கணக்கு வாத்தியார் மலையில் இறந்துபோன பிறகு, ஆட்களை மலைக்கு அழைத்துப் போகிற வேலையை விட்டுவிட்டு, சுற்றுவட்டாரத்தில் ஒரு மேடுகூட இல்லாத ஊராகப் பார்த்துப் போய், கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாய். போகும்போது உன் மலைச் சாமான்களை எல்லாம் மூட்டை கட்டி இங்கே அனுப்பி, 'யாருக்காவது குடுத்துடும்மா, என் கண்ணுல படக் கூடாது' என்றாய். எனக்குக் கொடுக்கக் கை வரவில்லை. அப்பாவுக்கோ சும்மா வைத்திருக்கக் கை வரவில்லை. அவரைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு ஆணி கிடைத்தால் அதற்கு ஒரு சுவரைத் தேடுகிற ஆள். வெள்ளித்தாள் மாதிரி மொடமொடவென்று ஒரு போர்வை வைத்திருந்தாயே, அதை வெயிலுக்கு மறைப்பாக வேனின் முன்கண்ணாடியில் விரித்தார். நுரைப்பாயை மடித்து முதுகுவலிக்கு ஓட்டுநர் இருக்கையில் போட்டுக்கொண்டார். தலைவழியாகப் போடுகிற அந்தப் பெரிய மழைக்கோட்டு, தைத்த துணிக்கட்டுகள் நனையாமல் மூடுவதற்குப் போனது. நீட்டிச் சுருக்குகிற இரண்டு கம்புகளும் உயரமான ஜன்னலில் ஏணி இல்லாமல் வளையம் தள்ளுவதற்கு. முதுகுப்பை அவருடைய சுத்தியலுக்கும் டிரில்லுக்கும் வீடானது. அதன் மார்புப் பட்டை கொக்கியிலேயே ஒரு விசில் இருக்கிறதாமே, அதைக் கண்டுபிடித்த அன்று ஊதி ஊதி எதிர்வீட்டு நாய் இரண்டு நாள் எங்கள் பக்கமே வரவில்லை. உன் நல்ல கயிற்றை மட்டும் நான் விடவில்லை, மாடியில் துணி காயப்போடக் கட்டிவிட்டேன். அவரைக் கண்டித்தால், 'நம்ம பையன் சொன்னதைத்தானே செய்யறேன், ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஆகிற பொருள் என் பையில ஏறாதுன்னு அவன்தானே சொல்லுவான்' என்று உன்னையே எனக்குச் சாட்சி வைத்தார். நீ அப்படிச் சொல்லும்போது, அப்போ நீயே அந்தப் பையில ஏற முடியாதேடா, உனக்கு ஒரு வேலையும் வராதே என்று உன்னைக் கேலி செய்ததும் இதே மனிதர்தான்.

இப்படி இருக்கும்போது, மேட்டுப் பாதையில் புதிதாகக் கட்டிய ஒரு விருந்தினர் விடுதிக்குத் திரைச்சீலை மாட்டப் போனோம். மாட்டி முடித்தால் விடுதிக்காரரின் மனைவி வந்து பார்த்துவிட்டு, முன்கூடத்து மஞ்சள் கண்ணைக் குத்துகிறது, வேறு தைத்துக் கொடுங்கள் என்றுவிட்டார். துணியைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான், என்ன செய்ய, பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றி வேனில் போட்டோம். வழியெல்லாம் நான் அந்த அம்மாளை வறுத்துக்கொண்டே வந்தேன். சாயங்காலத்துக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது, பனிமூட்டம் வேறு. ஒரு திருப்பத்தில் மேலிருந்து சரிந்த கல் ஒன்று பாதையில் கிடந்தது, அப்பா வளைத்தார், வேன் வழுக்கி ஓரத்தை விட்டு இறங்கிப் புதருக்குள் சரிந்துகொண்டே போய் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். அப்பா பக்கம் உள்ளே நசுங்கி அவர் கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக் கூடாத திசையில் திரும்பியிருந்தது. பெட்ரோல் வாசனை அடித்தது. எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, அக்குளில் கை கொடுத்து இழுத்து வெளியே போட்டுவிட்டேன், அவர் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. போனை எடுத்தால் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மேலே பாதையில் எந்த வண்டியும் வருகிற சத்தமில்லை, வந்தாலும் புதருக்குள் கிடக்கிற எங்களை யாரும் பார்த்திருக்க முடியாது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அன்றுதான் அதற்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது.

அப்பாவின் உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. நான் பதறிப்போய் முன்கண்ணாடியிலிருந்த வெள்ளிப் போர்வையை உருவி அவர் மேல் சுற்றினேன். சுற்றிய பிறகுதான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நீ அக்காவுக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது, ஈரத்தைக் கழட்டாம போத்தினா குளிரைத்தான் போத்துறோம் என்று. நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கவனிப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் காது இருக்கிறதே. போர்வையை எடுத்துவிட்டு ஈரச் சட்டையைக் கழற்றி, மழைக்கோட்டுக்கு அடியில் காய்ந்தபடியே இருந்த மஞ்சள் துணியால் துடைத்து, இன்னொன்றை உடம்பில் சுற்றி, அதற்கு மேல் வெள்ளிப் போர்வை. கீழே நுரைப்பாய். மழைக்கோட்டின் மூலைகளில் கயிறு கோக்கக் கண் வைத்திருக்கிறதே, அதை வேன் கதவிலும் ஒரு கிளையிலும் இழுத்துக் கட்டிக் கூரையாக்க வேண்டும், கயிறு வேண்டும், கயிறு எங்கே? மாடியில் என் புடவையையும் போர்வை உறையையும் சுமந்துகொண்டு இருக்கிறது! என்னை நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. திரைச்சீலையைக் கிழித்துக் கட்டு என்றார் அப்பா. நீ சிரிக்காதே, நான் அந்த மழையில் கத்தரிக்கோலைத் தேடினேனடா. தையல்காரி கை, துணியைக் கிழிக்க வரவில்லை, ஓரத்தை நேராகப் பார்த்து வெட்டவே போனது. 'அந்தம்மா கேக்கப் போறாளா, கிழிடி' என்று அப்பா அந்த வலியிலும் கத்தினார், பிறகு பல்லால் கடித்து டர்ரென்று கிழித்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. முதுகுப்பையின் உள்ளே தட்டையாக ஒரு விறைப்பான நுரை செருகியிருக்கிறதே, அதை உருவிக் காலைச் சுற்றி வைத்து, இரண்டு பக்கமும் திரைக்கம்பித் துண்டை அணைகொடுத்து, முழங்காலுக்கு மேலேயிருந்து பாதம் வரை துணி நாடாவால் கட்டினேன். ரொம்ப இறுக்கவில்லை, விரல் நிறம் மாறுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கட்டினேன்.

எல்லாம் செய்தாயிற்று. செய்து முடித்த பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் போனதுதான் பயங்கரம். காத்திருக்கலாம், ஆனால் யாருக்காக? வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவரைத் தூக்கி மேலே ஏற்ற என்னால் ஆகாது. ஒன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், இல்லை அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் ஆள் தேடிப் போக வேண்டும். அப்பாதான் சொன்னார், 'நீ போ, நான் எங்க ஓடிடப் போறேன், விசில் ஊதிட்டே இருக்கேன், கேட்டுக்கிட்டே போ' என்று. கொக்கியோடு அந்த விசிலைப் பட்டையிலிருந்து கழற்றி அவர் விரலில் கட்டிவிட்டேன். ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு சேற்றில் தவழ்ந்து மேலே ஏறி, அடுத்த கம்பைப் பாதை ஓரத்தில் நட்டு அதில் ஒரு முழு மஞ்சள் திரைச்சீலையைக் கட்டிப் பறக்கவிட்டேன், திரும்பி வரும்போது இடம் தெரிய வேண்டுமே. கண்ணைக் குத்துகிற மஞ்சளாகவே இருக்கட்டும் என்று அந்த அம்மாளை மனதார வாழ்த்தினேன்.

நடந்தேன். பின்னால் விசில் கேட்டுக்கொண்டே வந்தது. கேட்கிற வரை கால் போனது. ஒரு பாறையைத் தாண்டித் திரும்பியதும் சத்தம் நின்றுவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், மழைச் சத்தம் தவிர எதுவும் இல்லை. திரும்பி ஓடு என்று உடம்பில் ஒவ்வொரு எலும்பும் சொன்னது. அந்த இடத்தில்தான் எனக்கு உன் நினைப்பு வந்தது. வாத்தியார் இடுப்பெலும்பு முறிந்து கிடக்க, அவரைப் போர்த்திப் படுக்க வைத்துவிட்டு, ஆள் கூட்டிவர நீ தனியாகக் கீழே ஓடினாயே, ஆட்களோடு திரும்பிப் போனபோது அவர் மூச்சு அடங்கியிருந்ததே, அந்த வழியெல்லாம் உன் காதும் இப்படித்தானே பின்னாலேயே இருந்திருக்கும். விசாரித்த அத்தனை பேரும் உன் மேல் தப்பில்லை என்றார்கள், வாத்தியாரின் மனைவி மட்டும் 'தனியா விட்டுட்டுப் போக எப்படிப்பா மனசு வந்துச்சு' என்று கேட்டார். அந்த அம்மாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன், அந்தத் துக்கம் யாரையாவது எதையாவது கேட்கத்தான் வைக்கும். ஆனால் நீ அந்தக் கேள்வியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறாய். நான் அழுதுகொண்டே முன்னால் நடந்தேன், திரும்பிப் போகவில்லை. அப்பாவின் மேல் எனக்கு அன்பு குறைந்து போய்விட்டதாலா போனேன், சொல்லு.

கொஞ்ச தூரத்தில் ஒரு பால்வண்டி எதிரே ஏறி வந்தது. நான் நடுப்பாதையில் கம்பை நீட்டிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து, பால்வண்டிக்காரர் முதலில் பேயோ என்று பயந்துவிட்டாராம். என்னை ஏற்றிக்கொண்டு மேலே போய், மஞ்சள் கொடியைப் பார்த்து அவரே வண்டியை நிறுத்தினார். அவரும் கூட வந்த இன்னொருவரும் இறங்கி, மழைக்கோட்டை விரித்து, இரண்டு பக்கமும் நீளமான திரைக்கம்பிகளை வைத்து ஓரங்களைச் சுருட்டித் தூளியாக்கி அப்பாவை மேலே கொண்டுவந்தார்கள். அவர் உயிரோடு, விசிலை வாயில் வைத்தபடி, என்னைப் பார்த்து 'என்னடி இவ்வளவு நேரம்' என்றார். ஏன் ஊதுவதை நிறுத்தினீர்கள் என்று அங்கேயே சண்டைக்குப் போனேன். நிறுத்தவே இல்லையாம், பாறைதான் சத்தத்தை மறைத்திருக்கிறது. பால்வண்டிக்காரர் காலில் போட்ட கட்டுகளையும் போர்வையையும் பார்த்துவிட்டு, இதெல்லாம் யார்கிட்டம்மா கத்துக்கிட்டீங்க என்று கேட்டார். என் பையன் மலை ஏறுறவன் என்றேன், அப்படித்தான் வாயில் வந்தது. கால் கூடிவிடும், அந்தக் குளிரில் அப்படியே விட்டிருந்தால்தான் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று எலும்பு டாக்டர் சொன்னார்.

இதை எல்லாம் எழுதுவது நீ திரும்ப மலைக்குப் போக வேண்டும் என்பதற்காக அல்ல. போ, போகாதே, அது உன் இஷ்டம், பெட்டிக்குச் சீட்டு ஒட்டினாலும் நீ என் பிள்ளைதான். ஒன்றே ஒன்றை மட்டும் யோசி. நீ செய்ததைத்தான் நானும் செய்தேன், உன்னிடம் கேட்டதை வைத்துத்தான் செய்தேன். நீ போன வழியில் உதவி தொலைவில் இருந்தது, நான் போன வழியில் ஒரு பால்வண்டி வந்தது. அதில் என் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? அந்த வண்டி வராமல் போயிருந்தால், அப்பாவும் போயிருந்தால், தனியா விட்டுட்டுப் போக எப்படிம்மா மனசு வந்துச்சு என்று நீ என்னைக் கேட்டிருப்பாயா? கேட்டிருக்கவே மாட்டாய், என் கண்ணே, என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாய், எனக்குத் தெரியும். பிறகு உன்னை மட்டும் ஏன் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் கொல்கிறாய்?

கால் தடுக்காமல் நட, வயிறு நிறையச் சாப்பிடு, கண்ணை மூடினால் நல்ல தூக்கம் வரட்டும், உனக்காக இதற்கு மேல் கேட்க எனக்குத் தெரியவில்லை. உன் மூக்குக்கண்ணாடியின் காது உடைந்து நூல் சுற்றிப் போட்டிருக்கிறாய் என்று நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன், மறக்காமல் மாற்று.

இப்படிக்கு,
அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போன
உன் அம்மா