அக்கா செய்த ஜெபம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வாலிபர் முகாம் சமையலறையில் எனக்கு வேலை. கூட வேலை செய்யும் அக்காவிடம் அப்பாவின் குடியைப் பற்றிச் சொல்லி, “உங்க மனசோட வச்சுக்குங்கக்கா” என்றிருந்தேன். நேற்று ஊழியர்களின் காலை ஜெபத்தில், “ஆண்டவரே, இந்தத் தங்கச்சியின் தகப்பனைக் குடியிலிருந்து விடுதலையாக்கும்” என்று அவர் உருகிவிட்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பழக்க தோஷத்தில் நானும் சொன்னேன்.

பிறகு கேட்டதற்கு, “ஜெபம்தானே பண்ணேன், ஊர்வம்பா பேசினேன்?” என்கிறார்.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். கடைசி நாள் பெற்றோர் வருவார்கள். அதற்காக அப்பா புதுச் சட்டை தைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேறு காரணம் சொல்லாதீர்கள்.

பரிமாற மணி அடிக்கிறது.

உங்கள் மகள்